தெரிந்தே வாங்கிய பெட்ரோல்

எம். புதுப்பட்டி விலக்கில் இருந்த சொர்ணலட்சுமியின் பெட்டிக்கடை முன்னால் சுந்தரபாண்டி மொபெட்டை நிறுத்தினான். கடை வாசல் பலகையில் பழைய கலர் பாட்டில்களில் பெட்ரோல் வரிசையாக நின்றது. ஒருபக்கம் வெறும் பெட்ரோல். இன்னொரு பக்கம் ஆயில் சேர்த்த மிக்சிங் பெட்ரோல். மரம் அறுக்கிற மிசின், மருந்தடிக்கிற மிசின் போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு ஆயில் கலக்காமல் ஊற்றினால் உள்ளே உராய்ந்து இறுகிவிடும். திருத்தங்கல் ரோட்டுப் பெட்ரோல் பங்க் வரை போய் வர முடியாதவர்களும் போக மனமில்லாதவர்களும் சொர்ணலட்சுமியிடம் வாங்குவார்கள்.

"மிக்சிங் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள் அவள்.

"பருத்திக்கு மருந்தடிக்கிற மிசினுக்கு."

"அப்பச் சரி. மண்ணெண்ணெ கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு. நல்ல மிசினுக்கு ஊத்திட்டு வந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது."

"எனக்குத் தெரியாதாக்கும்? குடும்மா."

அவனிடம் பருத்தியும் இல்லை, மருந்தடிக்கிற மிசினும் இல்லை. அவன் உக்கிரபாண்டி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பவன். அந்தப் பாட்டில்கள் கம்பெனியின் தீயணைப்புப் பம்புக்கு; அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். வாசல் பக்கத் தண்ணீர்த்தொட்டி ஓரமாக, தகரக் கூரைக்கடியில், சின்னக் கட்டில் அளவு இரும்புச் சட்டத்தில் அந்தப் பம்பு உட்கார்ந்திருந்தது. ஆபீசர்கள் பார்வையிட வரும்போது துடைத்துக் காட்டுவதோடு சரி. ஓடாத மிசினுக்கு எந்தப் பெட்ரோல் ஊற்றினால் என்ன என்பது சுந்தரபாண்டியின் கணக்கு. கம்பெனியில் மாதாமாதம் காட்டும் பங்க் பில்லுக்கும் பாட்டில் விலைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவன் சட்டைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது. பெரிய தொகை இல்லை. ஊரில் யார்தான் செய்யவில்லை என்று நினைத்தால் உறுத்தலும் இல்லை.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. மேற்கு வேலியை ஒட்டிச் சீமைக்கருவேலம் மண்டிப்போய், அதை வெட்டி அப்புறப்படுத்தச் சொல்லி ஆபீசர் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆனைக்குட்டம் பக்கமிருந்து தனுஷ்கோடி என்பவன் அறுப்பு மிசினோடு வந்து, வேலிக்கு வெளியே இரண்டு நாளாக அறுத்துக்கொண்டிருந்தான். முதல் நாளே சுந்தரபாண்டி அவனிடம் போய், "தம்பி, கம்பெனி மிக்சிங் இருக்கு. எடுத்துக்கிடுதியா?" என்று கேட்டான். வெட்டுக்கூலியில் அதையும் கழித்துக்கொள்ளலாம் என்ற யோசனை.

தனுஷ்கோடி சிரித்தான். "வேண்டாம் அண்ணாச்சி. போன மிசினு கண்டதையும் குடிச்சுத்தான் செத்துச்சு. இதுக்குப் பங்க் பெட்ரோலு, சீல் பிரிக்காத ஆயிலு. நானே கலந்து ஊத்துனாத்தான் மனசு ஒப்பும்."

"ரொம்பத்தான் பவுசு," என்று முனகிக்கொண்டே சுந்தரபாண்டி திரும்பினான்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் புகை வாடை வந்தது.

வேலிக்கு மேற்கே, இரண்டு புஞ்சை தள்ளி, யாரோ விறகை மண்ணால் மூடிக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். காற்று மூட்டத்தின் மண்ணைப் பிய்த்து உள்ளே கனன்ற தணலை வாரி இறைத்துவிட்டது. வெட்டிப் போட்ட கருவேல முள் வெயிலில் சருகாகக் காய்ந்திருந்தது. பற்றிய தீ மேற்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு நேராகக் கம்பெனியைப் பார்த்து வந்தது.

"வெளிய வாங்க! எல்லாரும் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுங்க!" போர்மேன் தொண்டை கிழியக் கத்தினார். வேலைக் கொட்டகைகளான செட்டுகளிலிருந்து பெண்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். வேலிக்கு உள்பக்கம், காய்ப்பு மேடையில், பலகை பலகையாகப் புஸ்வாணம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்து மருந்து நிரப்பும் செட்டு. தீ அந்த மேடைக்கு வந்துவிட்டால் பிறகு எவரும் எதுவும் செய்ய முடியாது.

"சுந்தரபாண்டி! பம்ப எடும்வே!" என்று மறுபடி கத்தினார் போர்மேன்.

அவன் அதற்குள் பம்பு முன்னால் நின்றான். குழாயைத் தொட்டிக்குள் போட்டான். ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பிடித்துச் சுண்டினான். பம்பு இருமியது. மறுபடி சுண்டினான். வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அடங்கியது. கை எரிய எரிய இழுத்தான். உள்ளே பிடிக்கவே இல்லை.

ஓடி வந்த பெண்கள் அவனைக் கடந்து போனார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அதே கம்பெனியில் வேலை பார்த்த அவன் மனைவி முத்துமாரியம்மாள் அதில் இல்லை.

"மாரி எங்க? எம் பொண்டாட்டி எங்க?"

"இருளம்மாள் புகையில மயங்கி விளுந்துட்டா. அவளத் தூக்கியாரேன்னு திரும்பிப் போனா அண்ணே," என்று ஒருத்தி மூச்சு வாங்கச் சொன்னாள்.

மாரியும் இருளம்மாளும் வேலை பார்த்தது மருந்து நிரப்பும் செட்டில். ஓடிப் போய் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா? பம்பை விட்டால் செட்டு போகும், செட்டோடு அவளும் போவாள். மறுபடி கயிற்றை இழுத்தான். எதற்காக அது பிடிக்கவில்லை என்பது அந்த இடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். "ஓடித் தொலையேன், ஓடேன்!" என்று இரும்பைப் பார்த்து அழுதான்.

வேலியைச் சுற்றிக்கொண்டு தனுஷ்கோடி ஓடி வந்தான். ஒரு கையில் தகரக் கேன், இடுப்பில் ஸ்பேனர். வந்த வேகத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். அது கருப்பாக நனைந்து கிடந்தது. டேங்க் மூடியைத் திறந்து மோந்தவன், நிமிர்ந்து சுந்தரபாண்டியைப் பார்த்தான்.

"என்னத்த அண்ணாச்சி ஊத்தி வச்சிருக்கீக இதுக்குள்ள?"

சுந்தரபாண்டி கீழே பார்த்தான்.

தனுஷ்கோடி அதற்குமேல் கேட்கவில்லை. "சாய்ங்க, சட்டுன்னு சாய்ங்க!" என்றான். இருவரும் பம்பைக் கவிழ்த்து, உள்ளே இருந்ததை வாளியில் வடித்தார்கள். அது நீலம் கலந்து, மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. பிளக்கைத் துண்டில் துடைத்து மாட்டினான் தனுஷ்கோடி. தன் கேனில் இருந்த மிக்சிங்கை டேங்கில் ஊற்றி, பழையது பெட்ரோல் குழாயிலிருந்து வடியும்வரை பொறுத்தான். அந்தச் சிறிது நேரத்துக்குள் மேடையின் மேற்கு ஓரத்துப் பலகை ஒன்று பற்றிக்கொண்டது. புஸ்வாணங்கள் பகல் வெளிச்சத்தில் சீறி எழுந்தன. வெளியே நின்ற பெண்கள் அலறினார்கள்.

"இப்ப இளுங்க!"

சுந்தரபாண்டி இழுத்தான். ஒருதரம் திக்கியது. அடுத்த இழுப்பில் பம்பு உறுமிக்கொண்டு பிடித்தது. ஹோஸ் விறைத்தது. போர்மேன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே ஓடினார்.

"செட்டுக்குள்ள தண்ணி பட்டுறக் கூடாது, மருந்துல ஈரம் பட்டாலே தீப்பிடிக்கும்! வேலியையும் தரையையும் நனைங்க!" என்று கூட வந்தவர்களிடம் கத்தினார்.

நீர்ப் பாய்ச்சலில் முள்வேலி புகைந்து கருத்தது. எரிந்த பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் இருந்த தரை சேறானது. புகைக்குள்ளிருந்து முத்துமாரியம்மாள் வெளிப்பட்டாள். இருளம்மாளைத் தோளில் சாய்த்து, பாதி இழுத்தும் பாதி சுமந்தும் கொண்டுவந்தாள். சேலைத் தலைப்பு கருகியிருந்தது. மேடையில் சீறிய பொறி பட்டு இடது கை முழங்கை வரை பொரிந்து போயிருந்தது. சுந்தரபாண்டி அவளைத் தாங்கிப் பிடித்தபோது, அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏங்க பம்பு இம்புட்டு நேரமா ஓடல?"

சிவகாசியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது தீ மேடையின் ஓரத்தோடு அடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளி உக்கிரபாண்டியின் காரும் வந்தது. அவர் செட்டுகளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். கும்பலுக்கு நடுவில் ஈரமும் கரியுமாக நின்ற சுந்தரபாண்டியின் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"பொண்டாட்டி உள்ள இருக்கான்னு தெரிஞ்சும் பம்ப விட்டு நகரலையாமே! ஒன்ன மாதிரி ஒரு ஆளு இருந்ததாலதான் இத்தன உசுரு பொளச்சிருக்கு. இந்தத் தீவாளிக்கு எல்லாருக்கும் முன்னால ஒனக்கு மால போடணும்யா."

பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தனுஷ்கோடி ஓரமாக நின்று தன் காலிக் கேனை மூடிக்கொண்டிருந்தான். அவன் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்பது சுந்தரபாண்டிக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டால் போதும், எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் வேப்பமரத்தடியில் பொரிந்த கையை விசிறியபடி முத்துமாரியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை.

"மால வேண்டாம் மொதலாளி," என்றான். "பம்பு ஓடாமப் போனதே என்னாலதான். நல்ல பெட்ரோலுன்னு பில்லு குடுத்துட்டு, மண்ணெண்ணெ கலந்ததத்தான் வாங்கி ஊத்துனேன். கடக்காரி எங்கிட்ட ஒளிக்கல. நாந்தான் அவகிட்டப் பொய் சொல்லி வாங்குனேன். பம்ப ஓட வச்சது இந்தத் தம்பி கொண்டாந்த எண்ணெ."

கும்பிட்ட கைகள் இறங்கின. முதலாளியின் முகம் சிவந்தது. "ஸ்டோர் சாவிய வையிலே," என்றார். சுந்தரபாண்டி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த இருளம்மாள் அப்போது வாயைத் திறந்தாள்.

"அவுக சாவிய வாங்கிட்டீக, சரி. ஆபீசர் வாரப்போ தொடச்சுக் காட்டுறதோட சரி, ஒருநாளாச்சும் அந்தப் பம்ப ஓட்டிப் பாருன்னு நீங்க சொல்லியிருக்கீகளா மொதலாளி?"

உக்கிரபாண்டி கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் தனுஷ்கோடி பக்கம் திரும்பி, "வாராவாரம் வந்து இத ஓட்டிப் பாத்துட்டுப் போவியாப்பா? நல்ல எண்ணெயா நீயே வாங்கி ஊத்து," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் சுந்தரபாண்டி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். "என்ன மன்னிச்சிரு மாரி. கொஞ்சக் காசுதானேன்னு நெனச்சேன்," என்றான்.

முத்துமாரியம்மாள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு சொன்னாள்.

"கலந்து விக்கிறவ மட்டும் குத்தவாளி இல்லீங்க. கலப்படம்னு தெரிஞ்சே வாங்குறவனும் குத்தவாளிதான். உசுரக் காக்குற சாமான்ல மிச்சம் பிடிக்கிற காசு, யாரோ ஒருத்தரோட உசுர வித்த காசு. இன்னைக்கு அந்த உசுரு என்னோடதாவும் இருளம்மாளோடதாவும் இருந்துச்சு. அம்புட்டுதான்."