சனிக்கிழமைக் கையெழுத்து

எங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால், பறிமுதல் செய்த பைக்குகளை ஓரங்கட்டிவிட்டு, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு நடன வகுப்பு நடத்துகிறோம். போலீசைக் கண்டு இளசுகள் ஓடக் கூடாதாம். மேலிடத்து யோசனை. பேனர் வந்தது, தொப்பி வந்தது, போட்டோ பிடிக்க ஆள் வந்தார். வருகைப் பதிவுக்கு ஒரு நோட்டு மட்டும் வரவே இல்லை. "பள்ளிக்கூடத்துல ஆடியிருக்கேன்" என்று எப்போதோ வாயைவிட்ட பாவத்துக்கு வகுப்பு என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இரண்டு முழங்காலும் போய்விட்டன.

நோட்டு வராததால் அலமாரியில் கிடந்த ஒன்றை எடுத்தேன். ஜாமீனில் வெளியே வந்தவர்கள் வாராவாரம் வந்து கையெழுத்துப் போடும் நோட்டு அது. பாதிக்கு மேல் காலி. பெயர், தேதி, கையெழுத்து எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டுத் தயாராக இருந்தது. "இதுலயே போடுங்க" என்றேன். இரண்டு வருஷமாகப் போட்டார்கள்.

பிள்ளைகளில் அதில் முதல் கையெழுத்து பம்பரத்துடையது. சுழல ஆரம்பித்தால் நிற்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். தையல் கம்பெனிக்குப் போகும் அம்மா, ஒரு தங்கச்சி, அவ்வளவுதான் குடும்பம். போன மாதம் பெரிய நடனப் பள்ளி ஒன்றில், தங்குமிடம் சாப்பாட்டோடு அவளுக்கு இடம் கிடைத்தது. போலீஸ் நன்னடத்தைச் சான்று மட்டும் பாக்கி. "அதுக்கென்ன, நம்ம வீட்டுப் பொண்ணு" என்று நான்தான் பெருமையடித்துக்கொண்டேன்.

முழங்கால் வைத்தியத்துக்காக நான் பத்து நாள் லீவில் இருந்தபோது அவள் விண்ணப்பம் வந்திருக்கிறது. புதிதாக மாற்றலாகி வந்த எழுத்தர் நோட்டுகளைப் புரட்டியிருக்கிறார். 'இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்திட்டு வருகிறார்' என்று எழுதி அனுப்பிவிட்டார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சான்று கிடைக்கவில்லை.

"தப்பு என்னுது சார், எழுதித் தர்றேன்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

"குடுங்க, மேல அனுப்பறேன். ஆனா நோட்டுல ஒரு பேரையும் அடிக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போற நோட்டு அது. கை வச்சீங்க, உங்க வேலைக்கு நீங்களே உலை வச்ச மாதிரி."

நடனப் பள்ளிக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பெண் தன்மையாகத்தான் பேசினாள். "அந்த இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சு மேடம். அடுத்த வருஷம் இவங்களுக்கு வயசு தாண்டிடும்." போனை வைத்துவிட்டு, கழிவறையில் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு டியூட்டிக்குத் திரும்பினேன்.

இன்று சனிக்கிழமை. நானே வாங்கி வந்த புது நோட்டை மேஜைமேல் வைத்திருந்தேன். பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார்கள். கடைசியாகப் பம்பரம் வந்தாள், தங்கச்சியின் கையைப் பிடித்தபடி.

"வா கண்ணு" என்றேன்.

"ஆட வரலக்கா. பழைய நோட்டுல இவ பேரும் இருக்குல்ல? அத அடிச்சிடுங்க." தங்கச்சியை முன்னால் நகர்த்தினாள்: "இவளும் நல்லா ஆடுறா."

பழைய நோட்டை எடுத்தேன். தங்கச்சி சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். பக்கம் பக்கமாகத் தேடி, ஸ்கேல் வைத்து, ஒவ்வொன்றாக அடித்தேன். எழுத்தர் "மேடம், மேடம்" என்று பதறினார்.

"உங்க வேலையப் பாருங்க சார்."

சின்னவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தி மூன்று. ஒவ்வொன்றுக்கும் மேல்வரியில் அக்காவின் கையெழுத்து இருந்தது. பேனாவை அதன்மேல் கொண்டுபோனேன்.

"என்னுது கிடக்கட்டும்க்கா" என்றாள் பம்பரம். "இனிமே அடிச்சு என்ன?"

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பின்னால் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.