பைக்குள் தைத்த லேபிள்

பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காரும் அக்காவுக்கு அந்தக் கைப்பை ஓசியில் வந்தது. டாக்டரம்மா அலுத்துப்போய்த் தூக்கிக் கொடுத்தது. தோல், ஜிப், கொக்கி எல்லாம் அசல், பெரிய கம்பெனி. உள்ளே கம்பெனி பேர் போட்ட லேபிள் மட்டும் பாதி கிழிந்து தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கினால் அசல் என்று எவள் நம்புவாள்? விற்றுவிடலாம் என்று போட்டோ எடுத்து, கிழிசலையும் மறைக்காமல் காட்டி, ஆன்லைனில் போட்டாள். ஓர் ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

அவள் தம்பி பை, செருப்பு ரிப்பேர் கடை வைத்திருந்தான். பையைத் துடைத்துக் கொடுடா என்று கொடுத்தாள். துடைத்ததோடு விட்டானா மகராசன்? மொத்தக் கடையில் வாங்கிப் போட்டிருந்த லேபிள்களைக் கிளறி, அதே கம்பெனி பேர் போட்ட ஒன்றை எடுத்து, பழைய ஊசித் துளைகளிலேயே நூல் கோத்துத் தைத்துவிட்டான். அக்காவுக்கும் வாயெல்லாம் பல். புதுசாகப் போட்டோ போட்டாள். உடனே விற்றுப்போனது.

வாங்கியவள் சும்மா இருக்காமல் பையைக் கம்பெனிக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் கம்பெனி வக்கீலம்மா போன் செய்தாள். அசல் பையே ஆனாலும் போலி லேபிள் தைத்து விற்றால் சட்டத்துக்கு அது போலிச் சரக்குதானாம். என் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று அக்கா சாதித்துப் பார்த்தாள். கிழிந்த லேபிளோடு அவளே முதலில் போட்ட போட்டோவை வக்கீலம்மா அவளுக்கே அனுப்பிவைத்தாள். ஒளிவுமறைவில்லாமல் இருந்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

“தைச்சது யாருன்னு சொல்லிடுங்க மேடம். உங்களை விட்டுடுறோம். எங்களுக்கு வேண்டியது அந்த ஆள்தான்” என்றாள் வக்கீலம்மா. கடைக்கு சீல் விழும், ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம் என்பதையும் தன்மையாகவே சொன்னாள்.

தம்பிக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை; வீட்டில் பிள்ளைகள் இரண்டும் பொடிசுகள். என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்று அக்கா முடிவு செய்தாள். தம்பியிடமும் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்தால் அந்த மடையன், நான்தான் செய்தேன், அக்காவை விட்டுவிடுங்கள் என்று முதல் ஆளாக ஓடிப்போய் நிற்பான். வாங்கியவள் ஏதோ குறை சொல்கிறாள், கம்பெனி ஆபீஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள். தனியாக எப்படி அனுப்புவது என்று அவன் ஒட்டிக்கொண்டு கிளம்பினான். எவ்வளவோ திட்டிப் பார்த்தாள், கேட்டால்தானே. வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

வக்கீலம்மா மேஜைமேல் பையை விரித்து வைத்தாள். பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவன், கையில் பூதக்கண்ணாடி. யாரோ ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தவர் தைத்தது, முகம் ஞாபகமில்லை என்றாள் அக்கா.

கம்பெனி ஆள் தலையை ஆட்டினான். “ரோட்டுல உட்கார்ந்து தைக்கிற தையலா இது? எங்க ஆளுங்களே ஏமாந்துட்டாங்க. பழைய துளையை விட்டு ஒரு நூல் விலகலை. இவ்வளவு சுத்தமான கையை நான் பார்த்ததே இல்லை.”

தம்பியின் முகம் மலர்ந்தது. வாழ்நாளெல்லாம் அறுந்த வாரை ஒட்டிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன் என்ற பேச்சைத் தவிர வேறெதுவும் கேட்காதவன் அவன். அக்கா மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

“நான் தைச்சதுதாங்க” என்றான் தம்பி. “இவங்க எங்க அக்கா. பேரைச் சொல்லக் கூச்சப்படுறாங்க.”

அக்கா என்னென்னவோ சொன்னாள். அவன் உளறுகிறான் என்றாள், நானே தைத்தேன் என்றாள், அழவும் செய்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. இந்த மாதிரி லேபிள் இன்னும் இருக்கிறதா என்று கம்பெனி ஆள் தேன் ஒழுகக் கேட்டான். கடையில் நிறைய இருக்கிறது, எந்தக் கம்பெனி வேண்டும் என்றான் தம்பி.

வக்கீலம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

“நீங்க கிளம்பலாம் மேடம். உங்க மேல ஒண்ணும் இல்லை. தம்பி மட்டும் கொஞ்சம் இருக்கட்டும்.”

அக்கா நாற்காலியைவிட்டு எழாமல் அழுதுகொண்டே இருந்தாள். தம்பி அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் காதருகில் குனிந்தான்.

“எதுக்குக்கா அழுவுற? அதான் உன்னை விட்டுட்டாங்கல்ல. நீ வீட்டுக்குப் போ. ஏதோ பெரிய வேலை குடுக்கப் போறாங்க போல, பேசி முடிச்சிட்டு வந்துடுறேன்.”