கருவாடு சுற்றிய மீன் கதைகள்

1

இந்தக் கதை கருவாட்டுத் தாளில் பிறந்தது. எங்கேயிருந்து எடுத்தாய் என்று பிற்பாடு யாரும் கேட்டு வராமல் இருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யட்டியாந்தோட்டை கடைவீதியில் மக்கீன் நானாவுக்கு (நானா என்றால் அண்ணன்) ஒரு சில்லறைக் கடை. பழைய பேப்பரைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கிழித்து அதில்தான் சாமான் சுற்றுவார். வாரப் பத்திரிகைகளில் எப்போதாவது மீன் பிடிக்கப் போனவர்கள் எழுதியது வரும். கண்ணில் பட்டால் எடுத்து வைப்பார். அதற்குள் பாதி கிழிந்து கருவாட்டோடு யார் வீட்டுக்கோ போயிருக்கும். ஆகவே எங்களுக்குக் கிடைத்த மீன் கதைகளுக்கு முடிவு கிடையாது. சிலதுக்குத் தலையும் கிடையாது.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. வேலை இல்லாத பின்னேரங்களில் நாங்கள் இரண்டு பேரும் களனி கங்கைக் கரையில் ஒரே பாறையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்போம். மக்கீன் சத்தமாக வாசிப்பார். தாள் கிழிந்த இடம் வந்ததும் ஆளுக்கொரு முடிவு சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம்.

"அறுத்துட்டுப் போயிரிக்கும்" என்பார் மக்கீன். எப்போதும் அதுதான்.

"கரைக்கு வந்திருக்கும் நானா" என்பேன் நான். எப்போதும் அதுதான்.

"ஒனக்கு ஆச கூட."

"ஒங்களுக்கு வாய் சரியில்ல."

2

கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தொடங்கிப் பார்த்தவை கீழே. அழிக்கவில்லை, தாள் வீணாகும்.

அதிகாலைப் பனியில் களனி கங்கை ஒரு வெள்ளிப் பாம்பைப் போல…

(வேண்டாம். இப்படித் தொடங்குகிறவனை நாங்கள் அந்த வரியோடு விட்டுவிடுவோம். கங்கையைப் பார்த்தவனுக்கு அது தண்ணீர். மேலே அணையில் கதவு திறந்தால் கலங்கிக்கொண்டு ஏறும். எழுந்து ஓட வேண்டும்.)

மீன் பிடிப்பது என்பது பொறுமையைக் கற்றுத்தரும் ஒரு…

(இவன் அதைவிட மோசம்.)

மீனைப் பற்றி எழுதுகிறவர்களில் எங்களுக்குப் பிடித்தவர்கள் குறைவு. என்ன புழு போட்டான், அது எந்தச் சாணிக்குழியில் கிடைத்தது, கூட வந்தவனோடு எதற்குச் சண்டை போட்டான், பாறையில் உட்கார்ந்து பின்பக்கம் எப்படி மரத்தது என்று எழுதுகிறவன் நல்லவன். அவனோடு நாமும் உட்காரலாம். மற்றவர்கள் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கள் மூஞ்சியைக் காட்டுகிறார்கள். மீன் பாவம், இவனுக்குப் புத்தி வருவதற்காகச் சாகிறது.

ஒரு தரம் கிழியாத முழுப் பக்கம் ஒன்று அகப்பட்டது. மழை, அட்டை, சிக்குப்பட்ட தங்கூசி நூல், ஒன்றுமே மாட்டாத ஒரு நாள். மக்கீன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கடைசிப் பத்தியில் அந்த மனுசன் பெரிய விரால் ஒன்றைப் பிடித்து, அதன் கண்ணை உற்றுப் பார்த்து, வாழ்க்கை என்றால் என்னவென்று விளங்கி, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டான்.

மக்கீன் சிரிப்பை நிறுத்தினார். பிறகு தாளை என் மடியில் போட்டார்.

"இத மொதல்லயே கிழிச்சிரிக்கணும்."

3

இனி நடந்ததுக்கு வருகிறேன். நல்லதாக ஒன்றும் இல்லை.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முதலில் மக்கீனின் கண்ணைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நான் வாசிக்க, அவர் கேட்க என்று மாறியது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு மீன் தூண்டிலுக்கு வந்து சேர ஒரு தேத்தண்ணி ஆறிப்போகும். அவர் பொறுத்துக்கொண்டார்.

அடுத்தது இடது கால். விரல்கள் கறுத்தன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறி ஆளையே முடித்துவிடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மக்கீன் முடியாது என்றார். வந்தபோது இரண்டு கால், போகும்போதும் இரண்டு கால் என்றார். அவர் மகள் பர்ஸானா அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். கடைசியில் என் லயத்து வீட்டுக்கு ஏறி வந்தாள்.

"மாமா, நீங்க வாசிச்சா மட்டும்தான் வாப்பா காது குடுக்குறாரு. கால் எடுத்த ஒருத்தர் சந்தோசமா மீன் புடிக்கிற மாதிரி ஒரு கத எழுதி வாசிங்க. பேப்பர்ல வந்ததெண்டு சொல்லுங்க."

"எனக்கு எழுத வராது புள்ள. பொய்யும் சரியா வராது."

"வாப்பா மௌத்தாகிட்டா யாருக்கு வாசிப்பீங்க?"

 

4

ஆகவே ஓர் ஆளை உண்டாக்கினேன். பெயர் நிரோஷன், ஊர் பலாங்கொடை. தெரியாத ஊரில் வைத்தால் யாரும் தேடிப் போக மாட்டார்கள். அவனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டேன். ஊன்றுகோலோடு ஆற்றுக்கு இறங்கினான். தூண்டில் போட்டான். வாளி நிறைய மீன். "கால் போனால் என்ன, கை இருக்கிறதே" என்று சிரித்தான்.

(இந்த நிரோஷனை எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்படிச் சிரிக்கிற ஆளை நான் கண்டதில்லை. காலை எடுத்தேனே தவிர, அது எப்படி வலித்தது என்று அவனிடம் நான் கேட்கவும் இல்லை.)

மக்கீனுக்குக் கண் தெரியாவிட்டாலும் மூக்கு இருக்கிறது. அதனால் எழுதிய தாளில் கருவாட்டைச் சுற்றி வைத்து, மணம் ஏறியபின் கொண்டுபோனேன். கட்டிலில் காலை நீட்டியிருந்தார். வாசித்து முடித்தேன்.

"எந்தப் பேப்பர்?"

"பழசு நானா."

"எழுதினவன்?"

"பேர் இருந்த பக்கம் கிழிஞ்சி போச்சு."

"அவன் எப்பிடி ஆத்துல எறங்கின?"

"யாரு?"

"ஒத்தக் கால்காரன்தான். கரை சறுக்குமே. ஒரு கையில ஊன்றுகோல், ஒரு கையில தூண்டில். புழு டப்பாவக் கவ்விக்கிட்டா எறங்கின?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன், பதில் பின்பக்கத்தில் இருப்பதுபோல.

"அழகமுத்து, நீ இண்டைக்கு எழுத்துக் கூட்டல்ல. தண்ணி மாதிரி வாசிச்ச. எப்பவாவது அப்பிடி வாசிச்சிரிக்கியா?"

தாளை மடித்தேன்.

"புழுவும் தெரியுது, முள்ளும் தெரியுது. இதுக்கு எந்த மீன்டா வாயத் தொறக்கும்? கருவாடு மட்டும் நல்ல கருவாடு. பர்ஸானாட்டக் குடு, பொரிக்கட்டும்."

எழுந்து வரப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"எழுதப் பழகிட்ட. இனி ஒழுங்கா எழுது. நாங்க ஒண்டும் புடிக்காத ஒரு நாள எழுது."

5

எழுதினேன். இதில் பொய் இல்லை. இருந்தால் ஞாபகம் செய்த பொய், நான் செய்ததல்ல.

*வெயில். நானும் மக்கீனும் பாறையில். மிதப்பு அசையவில்லை.¹ என் புழு கொழுத்தது, உன் புழு செத்தது என்று சண்டை. பேச்சை நிறுத்திக்கொண்டோம். மக்கீன் சாரத்தைத் தூக்கிக்கொண்டு இடது காலைத் தண்ணீரில் விட்டார். குஞ்சு மீன்கள் கூட்டமாக வந்து விரலைக் கொத்தின. கூச்சம் தாங்காமல் நெளிந்தார். கோபமாக இருந்ததால் சிரிப்பை அடக்கினார். முடியவில்லை. "டேய், கடிக்குதுடா, கடிக்குதுடா" என்று கத்தினார். காலை மட்டும் எடுக்கவில்லை. அப்போது மிதப்பு அமிழ்ந்தது.*

¹ மிதப்பு: தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. செருப்பும் மக்கீனுடையது.

இதற்கு மேல் எழுதியிருந்தேன். வாசிக்க விடவில்லை.

"நிப்பாட்டு. அதோட போதும்."

"மீன் என்னாச்சுன்னு கேக்கலியா நானா?"

"ரெண்டு பேருக்கும் தெரியும்தானே. சொல்லாத."

அவர் கை இடது காலில் போட்டிருந்த கட்டின் மேல் இருந்தது. தடவவில்லை, வைத்திருந்தார். வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"வெட்டின கால என்ன செய்வாங்க தெரியுமா?"

"தெரியாது நானா."

"அடக்குவாங்க. பள்ளிவாசல்ல கேட்டு வெச்சிரிக்கிறேன். மய்யத்துக்கு மாதிரித்தான் குழி, சின்னது."

"சரி."

"அந்த எடத்துல நல்ல புழு வரும். தோண்டிப் பாரு."

"அந்தப் புழுவ நான் தொட மாட்டேன் நானா."

"தொட மாட்டியா? ஒனக்கு என்னடா பெரும? என் கால விட ஒன் கை ஒசத்தியா?"

இரண்டு பேரும் சிரித்தோம். சமையலறையில் இருந்த பர்ஸானா எட்டிப் பார்த்தாள். சிரிப்புக்கு அர்த்தம் என்னவென்று அவள் முகம் கேட்டது. எனக்கும் தெரியவில்லை. அவர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பர்ஸானா பெரியாஸ்பத்திரிக்குப் போக மறுநாளுக்கு வேன் சொல்லிவிட்டாள்.

6

இதை எழுதும்போது அந்த வேன் வந்து போய்விட்டது. நான் கடைவாசலில் நின்றேன். நடந்ததைப் பார்த்தேன். ஆகவே முடிவைத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

முடிவை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மக்கீன் வேனில் ஏறினார். வாசித்துப் பார்த்தால் அதில் நிரோஷன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். மற்றதில் ஏறவில்லை. அது "அறுத்துட்டுப் போயிரிக்கும்" என்று மக்கீன் சொல்வதுபோலவே கேட்டது. இரண்டில் ஒன்று உண்மை. உண்மை என்பதற்காக அது நல்ல எழுத்து ஆகிவிடவில்லை.

வாசிக்கிற உங்களை எனக்குத் தெரியாது. தெரியாதவர்களை நான் நம்புவதும் இல்லை. இருந்தாலும் பாறையில் மக்கீன் இருந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது, உட்காருங்கள். முடிவை நீங்கள் சொல்லுங்கள். கரைக்கு வந்திருக்கும் என்று வழக்கமாகச் சொல்கிறவன் நான். இந்தத் தரம் என் முறையை விட்டுவிடுகிறேன்.

வேன் கடைவாசலில் நின்றது. பர்ஸானா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். மக்கீன் என் தோளைப் பிடித்து எழுந்தார். என்னைவிட அவர் கனம் குறைந்திருந்தார். வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சி, "மேல கதவு தொறந்துட்டான், கங்க கலங்குது" என்றார். வலது காலை ரோட்டில் வைத்தார். இடது