யார் கையும் படாத காயம்

மகள் வீடு திரும்பியபோது, அப்பா சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். உதவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது தோளிலிருந்து முழங்கை வரை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. விலாப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து.

"என்னப்பா இது?"

"எங்க இடிச்சுக்கிட்டேனோ! வயசாச்சுல்ல. தோலு காகிதம் மாதிரி ஆயிடுச்சு. இதப் போயி பெருசா எடுத்துக்கிட்டு…"

அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஒரு சுற்று கிளம்பினால் வீடு வந்து சேரச் சில நாட்களாகும். அதுவரை வீட்டில் அப்பாவும் அவள் கணவனும் மட்டும்தான். அப்பா எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். கணவன் வாசலறையிலேயே சோஃபா பழுதுபார்ப்பவன். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். மாப்பிள்ளை ஓர் ஆணி அடித்தால் மாமனார் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். "உங்க லிஃப்ட்டெல்லாம் எத்தனை தடவ நடுவுல நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும் மாமா" என்று அவன் திருப்பிக் கொடுப்பான். இதையெல்லாம் அவள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இன்று மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரம்மா, "நேத்து உங்க வீட்டுல ஒரே சத்தம். உன் வீட்டுக்காரரு அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சாப்பிடும்போது மகள் எதுவும் கேட்கவில்லை. கணவனின் கைகளைப் பார்த்தாள். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். சோற்றை அளைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றுபோயின.

மறுநாள் மகள் பிடிவாதமாகக் கிளப்ப, மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பாவின் தோளையும் விலாவையும் பார்த்த நர்ஸ், "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்று கதவைச் சாத்தினாள். பெஞ்சில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"உள்ள என்ன கேக்கறாங்கன்னு தெரியுமில்ல?" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "நீயும் அதத்தான் நினைக்கிறியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அவனுக்கு அதற்கு மேல் பதில் வேண்டியிருக்கவில்லை.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "யாரு, மாப்பிள்ளையா? அவரு என்னை வாயாலதாம்மா அடிப்பாரு! டாக்டர்கிட்ட வாங்க, வாங்கன்னு தொண்ட கிழியக் கத்துனாரு. நாந்தான் வரமாட்டேன்னு அடம் புடிச்சேன்."

மகளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பக்கத்து வீட்டுக்குக் கேட்ட சத்தம் அதுதான். ஆனாலும், மகளுடைய வாழ்க்கையை நினைத்து அப்பா மூடி மறைக்கிறாரோ என்று மனதின் ஒரு மூலை அரித்துக்கொண்டேயிருந்தது. சந்தேகம் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போவதில்லை.

ரத்தம் எடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சு நனைந்துகொண்டே வந்தது. மாற்றினார்கள், அதுவும் நனைந்தது. சற்று நேரத்தில் அந்த இடம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டது. அடியா, விழுந்தாரா என்ற கேள்விகளை நர்ஸ் அதோடு நிறுத்திவிட்டாள். அன்றே வார்டில் சேர்த்தார்கள். பரிசோதனைக்கு மேல் பரிசோதனை நடந்தது.

அடுத்த நாள் ரத்த நோய் டாக்டர் வந்தார். சின்ன உருவம், அவசரமில்லாத பேச்சு. மூவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"ரத்தம் உறையறதுக்கு உடம்புல சில புரதங்கள் வேணும். அதுல ஒண்ண அப்பாவோட எதிர்ப்பு சக்தியே எதிரின்னு நினைச்சு அழிச்சிட்டிருக்கு. நல்லா இருக்கறவங்க ரத்தத்தோட தெளிநீர, அதாவது பிளாஸ்மாவ, அப்பா ரத்தத்தோட கலந்து பாத்தோம், அதையும் உறைய விடல. பிறவியிலேயே வர்றது வேற. இது நல்லா இருந்தவங்களுக்கு வயசான காலத்துல திடீர்னு வரும். ரொம்ப அபூர்வம்."

"அப்போ இந்தக் காயமெல்லாம்?" என்றான் மாப்பிள்ளை.

"லேசா உரசினாலே போதும். சில நேரம் அதுகூட வேண்டாம், தானாவே உள்ளுக்குள்ள கசிஞ்சு கன்றிடும்."

"யாரும் அடிக்கலைன்னு சொல்றீங்க."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மகளையும் பார்த்தார். "யாரும் அடிக்கல" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ஆபத்தாயிருக்கும். கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு."

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெரியவர் பதறிப்போய், "மாப்ளே, வியாதி எனக்கு. நீங்க ஏன் அழுவுறீங்க?" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கசிவை நிறுத்த ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்க மாத்திரைகள் கொடுத்தார்கள். முதல் சில நாட்கள் மகளும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கட்டிலருகே கண்விழித்தார்கள். தொடை திடீரென்று வீங்கியபோது டாக்டரே கட்டிலை விட்டு நகரவில்லை. பிறகு வீக்கம் மெல்ல வடிந்தது. கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகிக் கரைந்துகொண்டு வந்தது. மாத்திரையின் புண்ணியத்தில் பெரியவருக்கு அகோரப் பசி. தூக்கமோ கிட்டேயே வரவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏன் முனகுகிறது என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கி, வார்டையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மதியம், ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் குழாயடியில் மகள் கணவனைப் பிடித்தாள்.

"அன்னிக்கு உங்க கையைப் பாத்தேன். தப்புதாங்க."

அவன் அப்பாவின் லுங்கியைப் பிழிந்து உதறினான். "பாத்தது தப்பில்ல. உங்கப்பா உடம்பு அப்படிக் கிடந்தா நானும் பாத்திருப்பேன். வாய விட்டுக் கேட்டிருக்கலாம். கேக்காம இருந்தியே, அதுதான் வலிச்சுது."

"இனிமே கேப்பேன்."

"கேளு." லுங்கியின் ஒரு முனையை அவளிடம் நீட்டினான். இருவருமாகப் பிடித்துக் கொடியில் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் தவறாமல் பரிசோதனைக்குப் போனார்கள். அப்படிப் போன ஒருநாள், டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "புரதம் பழைய அளவுக்கு வந்துடுச்சு. மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம். திரும்ப வரவும் வாய்ப்பிருக்கு, அதனால பரிசோதனைய மட்டும் விட்டுடாதீங்க. இன்னிக்கு நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த மகள், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வாரமாக அவள் இப்படித் தூங்கி யாரும் பார்க்கவில்லை.

பெரியவர் முன்னால் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, நம்ம நிறுத்தம் வருது. எழுப்பவா?"

"தூங்கட்டும் மாமா. கடைசி வரைக்கும் போய்ட்டு இதே வண்டியில திரும்பி வந்துக்கலாம்."

"அதுவும் சரிதான்" என்று பெரியவர் காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.