மூத்த செவிலியரின் எடை

அறுவைச் சிகிச்சைப் பிரிவின் மூத்த செவிலியர், பணியில் சேர்ந்த பதினோராம் ஆண்டில் இருநூற்றுப் பத்து கிலோ இருந்தார். உடம்பு என்னவோ ஐம்பது கிலோ ஆளின் உடம்புதான். சீருடை இன்னும் தொளதொளவென்றே தொங்கியது. சொல்ல வந்ததையெல்லாம் மென்று விழுங்கி ஏறிய எடை அது என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். முதல் வருடம் ஒரு மருந்தின் அளவு தவறு என்று சொல்லப்போய், நோயாளிகள் முன்னால் தலைமை மருத்துவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று விழுங்கத் தொடங்கியவர்தான். இரட்டை ஷிப்டு, ஆள் பற்றாக்குறை, லீவு கேட்டால் வரும் முறைப்பு எல்லாம் உள்ளே போயின. வீட்டில் கட்டில் கால் ஒடிந்தது. கணவர் செங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, "வேலைய விட்டுடேம்மா" என்றார். "விட்டுட்டா வார்டை யாரு பாக்கறது?" என்று கேட்டபடி அவர் படுத்தார். ஒரு செங்கல் பிளந்தது.

நிர்வாகமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. லிஃப்டில் அவர் தனியாகத்தான் ஏற வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. ஊழியர்களின் மனநலத்துக்காக அரை நாள் மூச்சுப் பயிற்சியும் நடத்தியது. அன்று அவருக்கு டூட்டி. "மனம் திறந்து பேசுங்கள்" என்று எழுதிய பெட்டி ஒன்றை, நிர்வாக அதிகாரி நாற்காலியில் இருந்தபடியே பார்க்க வசதியாக, அவர் அறை வாசலில் மாட்டினார்கள். மூன்று வருடத்தில் அதில் ஒரு பழைய பஸ் டிக்கெட் விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை, முழங்கால் அறுவைக்காக ஒரு லாரி ஓட்டுநர் மயக்கத்தில் கிடந்தார். தலைமை மருத்துவர் கத்தியை இடது காலருகே கொண்டுபோனார்.

"சார், சீட்டுல வலது கால்னு இருக்கு" என்றார் செவிலியர்.

"எனக்கே பாடம் நடத்துறியா? நகரு."

அவர் நகரவில்லை. கத்திக்கும் காலுக்கும் நடுவே போய் நின்றார். உதவி மருத்துவர்கள் இரண்டு பேரும் மயக்க மருந்து நிபுணரும் சேர்ந்து தள்ளியும் அவரை இம்மியும் அசைக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் தலைமை மருத்துவர் சீட்டைப் படித்தார். பிறகு மேசையைச் சுற்றி மறுபக்கம் போனார். ஆறாவது வாரம் ஓட்டுநர் இரண்டு கால்களாலும் நடந்து வீட்டுக்குப் போனார்.

அறுவைக்கு இடையூறு செய்ததற்கு விளக்கம் கேட்டு செவிலியருக்கு மெமோ வந்தது. தட்டச்சு செய்யும் எழுத்தர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் சொல்லலாமா?"

"சொல்லுங்க சிஸ்டர், கேக்கத்தானே உக்காந்திருக்கேன்."

பதினோரு வருடத்தையும் சொன்னார். நடுவில் ஒரு முறை அழுதார், இரண்டு முறை சிரித்தார். மூன்று நாள், நூற்றுப் பதினேழு பக்கம். முடித்து எழுந்தபோது சரியாக ஐம்பது கிலோ. இப்போதெல்லாம் தவறைக் கண்டால் அங்கேயே சொல்லிவிடுகிறார். தலைமை மருத்துவர் முகத்தைச் சுளிக்கிறார். ஆனாலும் சீட்டைப் பார்க்கிறார்.

நிர்வாக அதிகாரி அந்தப் பக்கங்களை முழுதும் படித்தார். இதில் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்று எழுத்தரிடம் சொல்லி, அலமாரியைப் பூட்டினார். "சரிங்க சார்" என்றார் எழுத்தர். மறு வாரம் எழுத்தர் ஏறும்போது மாடிப்படியில் விரிசல் விட்டது. இப்போது அவருக்குத் தரைத்தளத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல அறை, காற்று வருகிறது.