துணி கட்டினதைத் தொடாதே

விடிந்தும் விடியாத நேரத்தில் ராபியா ஏணியின் மேல்படியில் நின்று, தழைக்காக வளர்க்கும் கிளைரிசிடியா மரத்தின் தலையை வெட்டிக்கொண்டிருந்தாள். இரவு பெய்த தூறல் இலையிலெல்லாம் தங்கியிருந்தது. அரிவாள் ஒரு தரம் இறங்கினால் ஒரு சொம்புத் தண்ணீர் அவள் கழுத்தில் இறங்கியது. தண்ணீரோடு செவ்வெறும்பும் இறங்கியது. புடவைக்கு மேல் அவள் மாட்டியிருந்த புருஷனின் முழுக்கைச் சட்டைக்குள் அது வழி கண்டுபிடித்துக் கடித்தது. ஒரு கையால் எறும்பை நசுக்கி, மறு கையால் அடுத்த கிளையை வெட்டினாள். இது பழகிப்போன வேலை.

கீழே ஜெயசீலி விழுந்த கிளைகளை இழுத்துக் கழித்தாள். தண்டை மண்ணோடு ஒட்டிக் கிடக்கும்படி எலுமிச்சை மரத்தைச் சுற்றி அடுக்கினாள். அதற்கு மேல் தழையைப் போர்த்தினாள். வாழை வெட்டி வெட்டிப் படிந்த கறையில் இருவர் விரல்களும் கறுத்துப் போயிருந்தன. எந்தச் சோப்புக்கும் அது போகாது.

"ராபியாக்கா, சார் இன்னிக்கு நம்பளுக்கு இன்னாவோ விழா வெக்கிறாராமே?"

"வெக்கட்டும். விழா வெச்சிக்கினா எறும்பு கடிக்காம வுட்ரும் பாரு."

முத்தாபுதுப்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் இந்த நிலம் முன்பு செங்கல் சூளையாக இருந்தது. மேல்மண்ணையெல்லாம் சுட்டு விற்றுவிட்டு, சூளைக்காரன் பள்ளத்தையும் செங்கல் சல்லியையும் மிச்சம் வைத்துப் போனான். மிச்சம் வைத்ததில் சூளை ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும் உண்டு. வீடுகளுக்குள் இவர்களும் உண்டு. ரேஷன் கார்டு, ஓட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் அதுதான் விலாசம்.

அப்புறம் பாஸ்கரன் வந்தார். கம்ப்யூட்டர் வேலையில் சலித்து, எந்த நாட்டிலோ போய்க் காட்டு விவசாயம் படித்துவிட்டு வந்தவர். நிலத்தை வாங்கியதும் முதலில் சொன்னது, "எருக்கைப் பிடுங்காதீங்க" என்பதுதான். ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். ஆனால் மனிதர் சொன்னதில் பிசகில்லை. கெட்ட மண்ணில் முதலில் எருக்கும் நெருஞ்சியும் வரும். அதன் நிழலில் ஆமணக்கும் தக்கைப்பூண்டும் பிடிக்கும். அதை மடக்கிப் போட்டால் அகத்தியும் கிளைரிசிடியாவும் பப்பாளியும் எழும்பும். அவற்றை வெட்டி வெட்டிப் போட்டு அதன் அடியில் எலுமிச்சை, கொய்யா, மா, பலா. ஒன்று வாழ்ந்த இடத்தில் அடுத்தது வரும். காடு தன்னைத்தானே கட்டிக்கொள்கிற வரிசை அது. நாம் அதை முடுக்கிவிட்டால் போதும் என்பார். முடுக்கிவிட்டது இவர்கள் அரிவாள். சல்லிமேடு இப்போது கறுப்பு மண்ணாகி, கை வைத்தால் முழங்கை வரை இறங்கியது. பழமும் கீரையும் பெட்டி பெட்டியாக அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போயின. இந்த வருடம்தான் தோட்டம் நல்ல லாபத்தைப் பார்த்தது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். ஆறு கடந்தாயிற்று.

விழா பெரிய பலா மரத்தடியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் பார்க்க வரும் குடும்பங்கள் பாயில் உட்கார்ந்து இளநீர் உறிஞ்சின. பாஸ்கரன் கதர் ஜிப்பாவில் வெறுங்காலோடு நின்றார். போட்டோ எடுக்கிறவரைக்கும்தான் அந்த வெறுங்கால். அப்புறம் செருப்பு எங்கே என்று அவர் கண் அலைபாயும். ராபியா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஒவ்வொருவராக அழைத்துச் சரிகை போட்ட பொன்னாடை போர்த்தினார். மேஸ்திரி செபாஸ்டியனுக்கு மட்டும் கொஞ்சம் அகலமான பொன்னாடை. எறும்பு கடித்த ராபியாவின் கழுத்தில் சரிகை உரசி எரிந்தது. கூட்டம் கை தட்டியது.

"இவங்கதான் நம்ம முன்னோடிகள்" என்றார் பாஸ்கரன். "முதல்ல வர்ற செடி தன்னைப் பத்தி யோசிக்காது. மண்ணைத் தயார் பண்ணும். அடுத்தது வர்ற நேரத்துல தானா விலகிடும். இயற்கையோட தியாகம் அது. நம்ம லைன் வீட்டுக் குடும்பங்களும் அப்படித்தான். அடுத்த கட்டத்துக்கு இடம் விட்டு சந்தோஷமா விடைபெறுறாங்க."

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. தங்களுக்கு விடை கொடுக்கப்படுகிறது என்பது கை தட்டலைக் கேட்டுத்தான் இவர்களுக்கே தெரிந்தது. ஜெயசீலி பொன்னாடையின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

ராபியா எழுந்தாள். "இன்னா சார் சொல்ற? யாரு விடபெறுறாங்க?"

"லைன் வீடு இருக்கிற இடத்துல விருந்தினர் தங்குற குடில் வருதும்மா. புதன்கிழமை வேலை ஆரம்பம். இந்த மழைக்கு முந்தின பெரிய வெட்டையும் அன்னைக்கே மிஷின் வெச்சு கான்ட்ராக்ட்காரங்க முடிச்சிடுவாங்க. உங்களுக்கு இனிமே கஷ்டம் வேண்டாம்."

"எங்க கஷ்டத்த நாங்க கேட்டமா? மரம் இருக்கிற வரிக்கும் நீங்க இருப்பீங்கன்னு சொன்னது நீதான சார்? இதே மரத்தாண்ட நின்னுகினு சொன்ன."

பாஸ்கரன் விருந்தினர்களைப் பார்த்து ஒரு சிரிப்பைச் செலவழித்தார். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இயற்கையைப் பாருங்க. அகத்தி அழுதுகிட்டா போகுது?"

"அகத்தி எப்ப சார் தானா போச்சு? நான்தான ஏணி போட்டு வெட்னேன்! ஒரு செடியும் தானா விலகல. எல்லாம் அருவா பட்டுத்தான் சாஞ்சிது. தியாகமாம், தியாகம்!"

யாரோ ஒரு சின்னப் பெண் கலகலவென்று சிரித்தாள். அவளுடைய அம்மா அவள் வாயைப் பொத்தினாள். பாஸ்கரன் செருப்பைத் தேடினார்.

அன்று சாயங்காலம் லைன் வீட்டுக் குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். ஜெயசீலி அழுது முடித்து, அடுத்த அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"காட்டுப்பாக்கத்துல எங்க அண்ணி ஊட்டாண்ட ஒரு ரூம் கீதாம். போய்ப் பாக்கட்டாக்கா? மழ வந்துரும். புள்ளைங்கள வெச்சிகினு எங்க போறது?"

"போ. அங்க ஒருத்தன் குடிசை எடுத்துட்டு மாடி கட்றேம்பான். அவனும் ஒரு சால்வ போத்துவான். ஊர் ஊரா சால்வ வாங்கிகினே போய்ச் சேரு!" ராபியாவுக்கு எரிச்சல் பாஸ்கரன் மேல் மட்டும் இல்லை. அந்தச் சரிகையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு கும்பிட்டு நின்ற தன் மேலும்தான். சிரித்த முகமாக நின்றோமே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

செபாஸ்டியன் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் சூப்பர்வைசர் என்ற பெயரும் அவருக்குத் தருவதாகப் பாஸ்கரன் சொல்லியிருந்தார்.

"மேஸ்திரி அண்ணாத்தே" என்றாள் ராபியா. "உனக்கு இன்னா, நீ பலா மரம். பெருசா வளந்து நிக்கலாம். நாங்க எருக்கு."

செபாஸ்டியன் எழுந்து தன் வீட்டுக்குள் போனார். போனவர் திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தார்கள். அவர் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த மூட்டை எல்லோருக்கும் தெரிந்த மூட்டை. மழைக்கு முந்தின பெரிய வெட்டில் ஒரு முறை உண்டு. எந்த மரம் நிற்க வேண்டுமோ அதன் இடுப்பில் ஒரு துண்டுத் துணி கட்டுவார்கள். கட்டாதது வெட்டுக்குப் போகும். முன்பு ஒரு முறை துணி இல்லாமல் வெட்டியபோது, தழை மூடியிருந்த ஒரு பலாக்கன்றையும் கிளைரிசிடியாவோடு சேர்த்து ஜெயசீலி சாய்த்துவிட்டாள். பாஸ்கரன் செத்த வீட்டுக்காரர் மாதிரி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து துணி. "யார் வெட்டினாலும் சரி, துணி கட்டினதைத் தொடாதே" என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி கேட்டிலேயே மாட்டிவைத்தார். எந்த மரத்துக்குக் கட்டுவது என்று பார்த்துக் கட்டுவது செபாஸ்டியனின் வேலை. அதற்காகப் பழைய லுங்கி, கிழிந்த நைட்டி எல்லாம் அந்த மூட்டையில் சேர்ந்திருக்கும்.

"சார் புதன்கிழமைக்குள்ள மரத்துக்குத் துணி கட்டி வெக்கச் சொன்னாரு" என்றார் செபாஸ்டியன். "எதுக்குக் கட்டணும்னு எனக்குத் தெரியும்னு சொன்னாரு."

"அதுக்கு?"

"தெரியும்ன்றேன்." மூட்டைக்குள் கைவிட்டு மேலாகக் கிடந்ததை எடுத்தார். அவருக்குப் போர்த்திய அகலப் பொன்னாடை. அதை ராபியாவின் மடியில் போட்டார். "மூட்டைல இருக்கிற துணி பத்தாது. இத்தயும் கிழி."

ராபியா அவர் முகத்தைப் பார்த்தாள். காலம் முழுக்க மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் நடுவில் நசுங்கிய முகம். இப்போது அது ஏதோ சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பலா மரம் என்று அவரைச் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல், சரிகை விளிம்பைப் பல்லில் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பட்டென்று கிழிந்தது. பாஸ்கரன் கொடுத்த துணியின் லட்சணம் அவ்வளவுதான்.

அதற்கப்புறம் கிழிக்கிற சத்தம்தான் கேட்டது. வீட்டுக்கு வீடு பொன்னாடைகள் வந்தன. ஜெயசீலி அழுகையை மறந்து, எல்லோரையும்விட வேகமாகக் கிழித்தாள்.

புதன்கிழமை காலை கான்ட்ராக்ட் ஆட்கள் மர அறுவை மிஷின்களோடு வந்து இறங்கினார்கள். பின்னால் ஒரு ஜேசிபி. அவர்களின் தலைவன் தேவா கேட்டில் நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு உள்ளே நடந்தான். நடக்க நடக்க அவன் நடை தளர்ந்தது.

அகத்திக்குத் துணி. கிளைரிசிடியாவுக்குத் துணி. பப்பாளிக்கு, ஆமணக்குக்கு, வரப்போரத்து எருக்குக்கு, எல்லாவற்றுக்கும் துணி. வெட்டுவதற்கென்று ஒன்றுகூட மிச்சமில்லை. காலை வெயிலில் தோட்டம் முழுக்கச் சரிகை மினுக்கியது. கடைசியில் லைன் வீடுகள். ஒவ்வொரு வீட்டு நாதாங்கியிலும் ஒரு துண்டு. வீட்டு வாசலில் வரிசையாக ஆண்களும் பெண்களும் நின்றார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு துண்டு.

பாஸ்கரன் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். இன்று செருப்பு போட்டிருந்தார். "என்ன விளையாட்டு இது? செபாஸ்டியன், உன்னை என்ன செய்யச் சொன்னேன்?"

"எது நிக்கணுமோ அதுக்குக் கட்டச் சொன்னீங்க சார். கட்டிட்டேன்."

"தேவா, அதையெல்லாம் அவுத்துட்டு வேலையை ஆரம்பிங்க."

தேவா அசையவில்லை. "ஒரு நிமிஷம் சார். ஜேசிபி எதுக்கு? பழைய சூளை செவுரு இடிக்கணும்னுதான சொன்னாங்க. இதுல ஆளுங்க குடி கீறாங்களே."

"அது உனக்கு எதுக்கு? சொன்ன வேலையைச் செய்."

"இன்னா சார், உங்க போர்டே தொடாதன்னு சொல்லுது."

"அது மரத்துக்குய்யா!"

"மரத்தத் தொடக் கூடாது, மனுசன் ஊட்ட இடிக்கலாமா? நல்லா கீது சார் உங்க சட்டம்." தேவா மிஷினைக் கீழே வைத்தான். "எங்க ஊட்டயும் ஒரு தபா இப்டித்தான் இடிச்சாங்க. அன்னிக்கி மிஷின் ஓட்னவன் மூஞ்சி இன்னும் எனக்கு ஞாபகம் கீது. அந்த மூஞ்சி எனக்கு வேணாம்."

ஜேசிபிக்காரன் எதுவும் கேட்காமல் என்ஜினை நிறுத்தினான். பாஸ்கரன் முகத்தில் ரத்தம் ஏறியது. "போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்டு சார்" என்றாள் ராபியா. "அவுங்களுக்கும் துண்டு மிச்சம் கீது."

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஊட்ட எங்க பேருக்கு எழுதிக் குடு. வெட்டு வேல எங்க கையில இருக்கட்டும். அப்புறம் துணிய அவுத்துட்டு அருவா எடுக்கறோம். அது வரிக்கும் ஒரு கிள விழாது. மழ வந்தா வரட்டும். உன் எலுமிச்ச இருட்டுலயே நிக்கட்டும்."

அது வெறும் பேச்சு இல்லை என்பது பாஸ்கரனுக்குத் தெரியும். மழைக்கு முன் மேல்கிளையைக் கழித்து வெளிச்சம் விடாவிட்டால் கீழே பூ பிடிக்காது என்று வாரந்தோறும் பாடம் எடுக்கிறவர் அவர்தானே. வானத்தைப் பார்த்தார். ஆவடிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் காதில் வைத்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. போலீஸ் வரலாம். வேறு கான்ட்ராக்ட்காரன் வரலாம். ஒன்றும் முடிந்துவிடவில்லை.

ஜெயசீலி அடுப்பு மூட்டி டீ போட்டாள். தேவாவின் ஆட்கள் லைன் வீட்டு வாசலில் இவர்களோடு குந்தினார்கள். ஒருத்தரும் கேட்டைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு தேவா கையை நீட்டினான். "யக்கா, எனக்கும் ஒண்ணு கட்டு. எங்க ஆளுங்களுக்கும்."

ராபியா உள்ளே போய், தனக்குப் போர்த்திய பொன்னாடையில் கிழிக்காமல் மிச்சமிருந்ததை எடுத்து வந்தாள். கறைபட்ட விரல்களால் விளிம்பைப் பிடித்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள். துணி இன்னும் நிறைய இருந்தது.