எண் மட்டும் போட்ட தட்டுகள்

போன செப்டம்பரில் ட்ராம் நிறுத்தத்துச் சுவரொட்டியில் யோர்னின் முகத்தைப் பார்த்தேன். 'முப்பது ஆண்டு டெக்னோ இசை. பதினொரு இசைத்தட்டுகள். ஒரு மனிதர்' என்று கீழே போட்டிருந்தார்கள். ட்ராம் வந்து போனது. நான் ஏறவில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்பது என் கணவன் ஃபால்க் செய்தவை. எங்கள் சமையலறை மேசையில், என் கண்ணெதிரே செய்தவை. அவன் இறந்து அப்போது ஒன்றரை வருடம்.

ஃபால்க் கெம்னிட்ஸ்காரன், மின்வேலை படித்தவன். பெர்லின் சுவர் இடிந்த மறுவருடம் அந்த நகரத்துக்கு வந்தான். கிழக்குப் பக்கம் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு கொதிகலன் கூடத்துக்கு அவன் மின்சாரம் இழுத்துக் கொடுத்தான். அங்கே இரவு முழுக்க ஆட யோர்ன் ஆட்களைச் சேர்த்தான். அப்படித்தான் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். ஃபால்க் இசையைச் செய்வான். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடவைப்பவன் யோர்ன். ஃபால்க்குக்கு விமானம் என்றால் பயம்.

தட்டில் பெயர் கூடாது என்பது அவர்கள் விதி. நடுவில் வெள்ளைத் தாள், அதில் ரப்பர் முத்திரையில் ஓர் எண், அவ்வளவுதான். எங்கள் வட்டாரத்தில் அன்று அது ஒரு கௌரவம். எல்லோரையும்விட ஃபால்க்தான் அதில் பிடிவாதமாக இருந்தான்.

"ஆடுறவனுக்கு என் பேர் எதுக்கு? அவன் காலுக்குப் படிக்கத் தெரியுமா?" என்பான்.

சுவரொட்டியைப் பார்த்த வாரமே யோர்ன் தொலைபேசியில் அழைத்தான். மறுபதிப்புக்கு அசல் டேப்புகள் வேண்டுமாம். அவை எங்கள் நிலவறையில் இருந்தன. வெறுங்கையோடு லிஷ்டன்பெர்க்கில் இருந்த அவன் ஒலிக்கூடத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி. பிளம் கேக் வெட்டி வைத்திருந்தான்.

"டேப் எங்க?"

"உறையில ஃபால்க் பேரைப் போடு. கொண்டு வர்றேன்."

முள்கரண்டியில் ஒட்டிய கிரீமை நக்கினான். "இங்க பாரு வீப்கெ. பேர் வேண்டாம்னு சொன்னதே அவன்தான். அவன் செத்ததும் அவன் கொள்கையை நான் மீறவா? மனசு கேக்கலை."

"சுவரொட்டியில உன் மூஞ்சி இருக்கே. அதுக்கு மனசு கேட்டுச்சா?"

"அது கம்பெனிக்காரங்க வேலை. எனக்கே கூச்சமா இருக்கு."

"கூச்சத்துல பல்லு முப்பத்திரெண்டும் தெரியுது."

சிரித்தான். "உன் வாய் மாறவேயில்லை. சரி, கடைசிப் பக்கத்துல 'ஃபால்க்கின் நினைவாக'ன்னு ஒரு வரி போட்டுடுறேன். சின்னதா, அழகா இருக்கும்."

"வளர்த்த நாய் செத்தாலும் அப்படித்தான் போடுவாங்க. அவன் செஞ்சதுன்னு போடு."

"யார் எதைச் செஞ்சாங்கன்னு இப்ப யாரால பிரிக்க முடியும்? எல்லாம் சேர்ந்து செஞ்சதுதானே."

என்னால் பிரிக்க முடியும். ஒவ்வொன்றையும் முடித்ததும் ஃபால்க் கேசட்டில் ஏற்றிக்கொண்டு ட்ராமில் கடைசி நிறுத்தம் வரை போவான். இயர்போனில் ஒரு பக்கம் அவனுக்கு, மற்றது எனக்கு. சக்கரங்களின் கிறீச்சொலியில் இசை அமுங்கினால் வீட்டுக்கு வந்து திரும்பச் செய்வான். ஏழாவது தட்டுக்காக ஒரு ஜனவரியில் பதினான்கு முறை போய்வந்தோம். அந்த மாதம் முழுக்க யோர்ன் ஸ்பெயினில் இருந்தான். அங்கிருந்து அஞ்சலட்டை போட்டான்.

இதைச் சொன்னேன். "அஞ்சலட்டையை வச்சு எந்தக் கோர்ட்டுல வழக்குப் போடப் போற?" என்றான்.

கேக்கைத் தொடாமல் எழுந்து வந்தேன். டேப்புகளைக் கொடுக்கவில்லை. அவனுக்கு அதுவும் ஒரு தடையாக இல்லை. தேய்ந்துபோன பழைய தட்டுகளிலிருந்து பிரதி எடுத்து வெளியிட்டான். அந்தக் கரகரப்பில் 'காலத்தின் கதகதப்பு' இருப்பதாக ஒரு நாளிதழ் எழுதியது. அவை கீறல்கள். எங்கே கீறல் விழுமோ என்று பயந்து தட்டை விளிம்பில் மட்டும் தொட்டவன் ஃபால்க்.

என் கோபம் யோர்ன்மேல் மட்டும் இல்லை. மருத்துவமனையில் கடைசி மாதம், ஒரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடு என்று ஃபால்க்கைக் கெஞ்சினேன். "எல்லாருக்கும் தெரியும் வீப்கெ" என்றான். அந்த எல்லாரும் மொத்தம் நாற்பது பேர். பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு மேடை கொடுப்பவன் யோர்ன். அடக்கத்தை ஃபால்க் வைத்துக்கொண்டான். விளைவு என்னிடம் வந்தது.

தொகுப்பு வெளியான சனிக்கிழமை மதியம் தரிக்கின் கடைக்குப் போனேன். கொதிகலன் கூடத்துக் காலத்திலிருந்தே எங்கள் தட்டுகளை விற்றவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். பதினொரு தட்டும் அடங்கிய பெட்டிகளை வாசலிலேயே அடுக்கியிருந்தான். பெட்டிமேல் யோர்னின் பெயர். உள்ளே தட்டுகளில் மட்டும் பழைய விதி: வெள்ளைத் தாள், ஓர் எண்.

கல்லாவுக்கு அருகே இருந்த கறுப்புப் பேனாவை எடுத்து, ஒரு பெட்டியைப் பிரித்தேன்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"எழுதுறேன்."

"அது இன்னும் விக்காத சரக்கு."

"வித்துட்டா எழுத முடியாதே."

முதல் தட்டில் எண்ணுக்குக் கீழே 'ஃபால்க் ஹென்ட்ஷெல் செய்தது' என்று எழுதினேன். கோணலாக வந்தது. தரிக் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான்.

"ஃபால்க்குக்கு இது பிடிக்காதே, அக்கா."

"தெரியும். வந்து என்கூட சண்டை போடட்டும்."

அவன் உள்ளே போய் இன்னும் இரண்டு பெட்டிகளைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தான்.

"மூணாவதும் ஒன்பதாவதும் யோர்னோடது. அதுல எழுதிடாதீங்க" என்றான்.

"எழுத மாட்டேன்" என்றேன்.

அந்த இரண்டையும் அப்படியே உறைக்குள் திருப்பி வைத்துவிட்டு, இரண்டாவதில் எழுதி முடித்து நான்காவதை எடுத்தேன்.